இடது கைத் தழும்பு

அக்காவின் நெஞ்சைத் திறக்க நாள் குறித்தாயிற்று.

மனிதருக்குக் கழுத்தில் பயறளவில் நான்கு சுரப்பிகள் உண்டாம். எலும்பிலிருந்து கல்சியத்தை இரத்தத்துக்கு எடுத்துவிடுவது அவற்றின் வேலை. அக்காவுக்கு அவை வீங்கி, ரொறொன்ரோ வருமுன்பே மட்ராஸில் வெட்டி எடுத்தார்கள். தொண்ணூற்றாறில் அந்த நோய் திரும்பி வந்தது. எலும்பெல்லாம் குத்து, சிறுநீரகத்தில் கல். ஸ்கான் பண்ணிப் பார்த்தும் கழுத்திலோ நெஞ்சிலோ ஒன்றும் அகப்படவில்லை. எங்கேயோ ஒரு சுரப்பி ஒளிந்திருக்கிறது, திறந்துதான் தேட வேண்டும் என்றார் டொக்டர் அலெக்ஸாண்டர்.

மொழிபெயர்க்கப் போகிறவள் நான். மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அக்கா வாயே திறக்க மாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியாக இரண்டு கைகளிலும் இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சுரப்பியின் ஹோர்மோன் இடது கையில் பல மடங்கு கூட இருந்தது. டொக்டர் அக்காவின் சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே கிடந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

ஷெல் காயம் என்றேன் உடனே. அக்காவின் மகன் பிரசாந்தைக் கொன்ற ஷெல். அகதி விசாரணையிலும் இந்தத் தழும்பைத்தான் காட்டினாள். ஊர் முழுக்க அறிந்த கதை.

ஷெல் துண்டு ஹோர்மோன் சுரக்காது என்றார் அவர். அதையும் தமிழில் சொன்னேன்.

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஷெல் இல்லையடி. மட்ராஸில நாலையும் எடுத்துப்போட்டு, ஒரு சின்னத் துண்டை மட்டும் உந்தக் கைக்குள்ள வைச்சுத் தைச்சவை. ஒண்டுமே இல்லாமல் இருக்கேலாதாம்."

"பிறகேன் நெஞ்சைத் திறக்க ஓமெண்டு கையெழுத்து வைச்சனி? உனக்கென்ன விசரே அக்கா?"

"சொன்னால் பொய்க் கேஸ் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம்."

முதல் பாதியை மட்டும் நான் மொழிபெயர்த்தேன். ஏன் மறைத்தாள் என்று டொக்டர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அடுத்த கிழமை கையை மட்டும் விறைக்கப் பண்ணி, புளியங்கொட்டையளவுக்கு வளர்ந்திருந்த அந்தத் துண்டை எடுத்தார்கள். நெஞ்சு தப்பியது. எனக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டுவிட்டேன்.

"பெத்த பிள்ளையைப் பறிகுடுத்தனி. அதை அப்பிடியே சொல்லியிருக்கலாமே. உந்தப் பொய் என்னத்துக்கு?"

"சொன்னனான். அகதிக் கேஸ் எழுதித் தந்தவர், உடம்பில அடையாளம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டவர்."

கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்தாள்.

"ஷெல் வெடிக்கேக்கை பிரசாந் என்ரை மடியிலதான் கிடந்தவன். எனக்கு ஒரு கீறல்கூட விழேல்லையடி."