மிச்ச பெயிண்ட்

ஆதம் பாய் அந்த மெஷினை விற்க ஏன் இப்படிப் பறக்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தூத்துக்குடியில் அவர் கடை நிறையக் கப்பலில் வந்த சாமான்கள். பெயிண்ட் அடிக்கிற மெஷின் என்று அவர் எடுத்து வைத்தது ஒரு தகரப் பெட்டி. அதிலிருந்து கை தடிமனுக்கு ஒரு குழாய், குழாயின் முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு கன். எங்கள் கம்ப்ரசரில் இருப்பது போல் டேங்க் கிடையாது, பெல்ட் கிடையாது. பெட்டிக்குள் காற்றாடிகள் சுற்றுமாம், அந்தக் காற்றே பெயிண்டைத் தூவிவிடுமாம்.

"இதுக்குப் பேரு டர்பைன் தங்கச்சி. வெளிநாட்டுல காருக்கு இதத்தான் வச்சு அடிக்கான்," என்றார் ஆதம் பாய்.

"அவ்வளவு நல்ல சாமான்னா அவன் ஏன் வித்தான்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்ற என் கணவர் ஞானையா என் காலை மிதித்தார். அவருக்கு யாரைப் பார்த்தாலும் நல்லவராகத் தெரியும். எனக்கு அந்த வியாதி இல்லை. பால்காரர் சொம்பைச் சாய்த்து ஊற்றினால் ஏன் சாய்க்கிறார் என்று பார்ப்பேன். எங்கள் வேதக்கோயிலில் காணிக்கை எண்ணுகிற சபை மூப்பர்களைக்கூட நான் விட்டுவைத்ததில்லை.

கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. சின்னதில் ஒரே காற்றாடி, பெரியதில் மூன்று. சின்னதை வாங்கினால் போதும், தூக்க லேசு என்றார் ஆதம் பாய். லேசு என்று ஒருவர் சொன்னாலே நான் உஷாராகிவிடுவேன். இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஞானையா கன்னில் தண்ணீர் ஊற்றி, பழைய அட்டைமேல் அடித்துப் பார்த்தார். சின்னது பெரிய பெரிய துளியாகத் துப்பியது. கதவுக்கும் ஜன்னலுக்கும் அது போதும், காருக்கு ஆகாது. பெரியது பனி மாதிரி படிந்தது. மோட்டாரில் கருகல் வாடை வருகிறதா பார்க்க வேண்டும், சூடாகும்வரை ஓடட்டும் என்று நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆதம் பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டீயையும் மோந்து பார்த்துத்தான் குடித்தேன்.

எங்களுக்கு ஷெட்டு சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில். முன்பக்கம் நான் தையல் மெஷின் போட்டிருந்தேன், பின்பக்கம் அவர் கார்களுக்கும் வேன்களுக்கும் பெயிண்ட் அடித்தார். அதுவரை வைத்திருந்தது கம்ப்ரசர். அது அடிக்கிற வேகத்துக்குப் பாதி பெயிண்ட் வண்டியில் படும், பாதி புகையாக எழும்பிக் கூரைக்கும் அவர் நெஞ்சுக்கும் போகும். ராத்திரி படுத்தால் இருமல். டாக்டர் இந்தத் தொழிலை விட்டுவிடு என்றார். விட்டுவிட்டு எதைச் செய்வது? புகை குறைவாக வரும் என்ற ஒரே காரணத்துக்காகக் கம்ப்ரசரைத் திருவேங்கடம் ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றுத்தான் இந்தப் பெரிய பெட்டியை வாங்கினோம். இது சரிவராவிட்டால் ஷெட்டை மூட வேண்டியதுதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. அதிலிருந்து வருவது சூடான காற்று. எப்போதும் கலக்குகிற பதத்தில் பெயிண்டை ஊற்றினார், கன் கட்டி கட்டியாகத் துப்பியது. பெயிண்டை இளக்குகிற தின்னரைக் கூட்டினார், வழிந்தது. பழைய மட்கார்டு ஒன்றைக் கொக்கியில் தொங்கவிட்டு அதில்தான் இத்தனை சோதனையும். ஒரு தடவை அடித்ததைத் தொட்டுப் பார்த்தேன், உப்புக் காகிதம் போலச் சொரசொரவென்று இருந்தது. சூட்டில் பெயிண்ட் தகரத்தைத் தொடும் முன்பே வழியில் காய்ந்துவிடுகிறது என்று அவரே கண்டுபிடித்தார். மெதுவாகக் காய்கிற தின்னரை வாங்கிவந்தார். கன்னை ஒரு சாண் தூரத்துக்கு நெருக்கிப் பிடித்தார். முனையில் இருந்த மூடியைத் திருப்பினால் பெயிண்ட் விசிறி போலப் படுக்கையாக விரிந்தது, இன்னும் திருப்பினால் நெட்டுக்கு விரிந்தது. பின்னால் ஒரு திருகு இருந்தது. அதை வெளியே திருகினால் பெயிண்ட் கூடும், உள்ளே திருகினால் குறையும், முழுக்க உள்ளே திருகிவிட்டால் வெறும் காற்றுதான் வரும்.

சாயங்காலம் ஊரெல்லாம் லைட்டுப் போட்டதும் கரண்டு இறங்கிவிடும், காற்றாடி சோர்ந்துபோகும். அதனால் காலையில் மட்டும்தான் அடிப்பது என்று முடிவு செய்தார். மட்கார்டில் என் முகம் தெரிகிற அளவு பளபளப்பு வந்த அன்று அவர் இருமவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆதம் பாயைச் சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

மெஷின் சரியாகிவிட்டது. மனுஷர்கள்தான் பாக்கி. பஸ் ஸ்டாண்டு வாடகைக் கார்க்காரர்கள் எல்லோரும் ஆவுடையப்பன் அண்ணாச்சி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் அங்கே மூத்தவர். அவர் டயர் மாற்றிய கடையில்தான் மற்றவர்களும் மாற்றுவார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் அவர் தன் அம்பாசடருக்குப் புது பெயிண்ட் அடிக்க வந்தார். மேலே மஞ்சள், கீழே கறுப்பு. பெயிண்டை எப்போதும் வண்டிக்காரர்தான் வாங்கி வருவார், அது எங்கள் பக்கத்து வழக்கம். பெயிண்டர் வாங்கினால் மட்டமானதை வாங்கிவிடுவான் என்று பயம். வேலை முடிந்ததும் பெயிண்டர் டின்னைக் கவிழ்த்துக் காட்டி "தீந்துட்டு" என்பான், வண்டிக்காரர் "சரி" என்பார். கொஞ்சம் எங்கேயோ ஒதுங்கியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை.

ஞானையாவுக்கு அந்த ஒதுக்கல் வராது. கம்ப்ரசர் காலத்தில் அவரிடம் நிஜமாகவே தீர்ந்துவிடும், அதனால் பொய்க்கு வேலையே இருக்கவில்லை.

அண்ணாச்சி ஓடுகிற பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "என்னவே இது, காத்தே வரல? எங்க வீட்டு ஃபேன் இதவிட வீசுமே."

"வேகம் கம்மிதான் அண்ணாச்சி. ஆனா பெயிண்ட் செதறாது, அப்படியே ஒட்டிக்கிடும்."

"அடி. நான் இங்கனதான் இருப்பேன்," என்று அவர் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டார்.

வேலை முடிகிறவரை தினமும் வந்து உட்கார்ந்தார், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. ஞானையா தின்னர் ஊற்றும்போதெல்லாம் அண்ணாச்சியின் கழுத்து நீளும். சந்தேகப்படுகிறவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்கும், ஆனால் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டால் பிடிக்காது. துணியை வெட்டுவது போல் கத்திரிக்கோலைச் சத்தமாக ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டி அருமையாக வந்தது. கறுப்பில் எதிர்க்கடை போர்டைத் தலைகீழாகப் படிக்கலாம். அண்ணாச்சி கதவைத் தடவினார், குனிந்து பார்த்தார், ஒன்றும் குறை சொல்ல முடியவில்லை. அதோடு சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இந்த மனுஷன் உள்ளே போய்க் கறுப்பு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாதிக்கு மேல மிஞ்சிட்டு அண்ணாச்சி. கொண்டு போங்க."

அண்ணாச்சி டின்னை வாங்கி ஆட்டினார். உள்ளே தளும்புகிற சத்தம் கேட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"போன தடவ இதே வண்டிக்கு முழு டின்னும் போச்சே?"

"அது கம்ப்ரசர். பாதி புகையாப் போயிரும். இதுல வீணாகாதுன்னு சொன்னேம்லா."

"அப்ப என் வண்டில பாதி பெயிண்ட்தான் இருக்கு."

"இல்ல அண்ணாச்சி, வண்டில அதே அளவுதான்..."

"இருபது வருசமா வண்டி ஓட்டுதேன் வே. எந்தப் பெயிண்டரும் பெயிண்டத் திருப்பித் தந்ததில்ல. நீ தாரன்னா என்ன அர்த்தம்? எங்கயோ ஒரு கோட்டு அடிக்காம முழுங்கிட்டு, மனசு உறுத்தித் தாரே."

எனக்கு வந்த கோபத்தில் ஊசி விரலில் ஏறியது. களவு செய்தால் நம்புவாராம், திருப்பிக் கொடுத்தால் களவு என்பாராம்! எழுந்து போய்க் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி, நீங்க வாசல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்திய?"

"பாத்தேன் தங்கச்சி. பாத்ததாலதான் சொல்லுதேன். பூராத் தின்னரு."

மிச்சம் முழுவதையும் அதே வண்டியில் அடித்தாக வேண்டும் என்றார். இந்தப் பெயிண்ட் தடிமனாகப் படிந்தால் வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகும் என்று ஞானையா சொன்னார். அண்ணாச்சி கேட்கவில்லை. அடிக்காவிட்டால் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். சொல்லவும் செய்தார். அன்று மத்தியானமே, வேன் வைத்திருக்கும் பிரபுதாஸ் வந்து, தன் வேனுக்கு வருகிற வாரம் அடிப்பதாக இருந்ததை இப்போது வேண்டாம் என்றார். எங்கள் சபைக்காரர், அவரே இப்படி.

ஞானையா அன்று சாப்பிடவில்லை. "அடிச்சா வெடிக்கும், மெஷினாலதான் வெடிச்சதும்பாங்க. அடிக்கலன்னா களவாணிம்பாங்க," என்றார். எல்லோரையும் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு, சந்தேகத்தைப் போக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஞானையா டின்னோடு பின்னால் போய், கன்னின் குவளையை நிரப்பிக்கொண்டு வந்தார். மெஷினைப் போட்டார், பெட்டி மாவு மில்லு போல் இரைந்தது. பானெட்டில் ஆரம்பித்துக் கையை ஒரே சீராக ஓட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தார். தையல் மெஷினில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கன் முனையில் அந்த மெல்லிய மூட்டம் இல்லை. தின்னர் டப்பா மட்டும் திறந்து கிடந்தது, வாடை அதிலிருந்துதான் வந்தது. அவர் என் பக்கம் திரும்பியபோது பின்திருகைப் பார்த்தேன். முழுக்க உள்ளே திருகியிருந்தது.

வெறும் காற்று! என் வீட்டுக்காரர் ஒரு அம்பாசடர் முழுவதற்கும் வெறும் காற்றை அடித்துக்கொண்டிருந்தார். குனிந்து சக்கரத்துக்கு மேலே, நிமிர்ந்து கதவுக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெய்யாகவே அடிக்கிறபோது இருக்கிற அதே கவனத்தோடு. மறுபடி பின்னால் போனார், குவளையோடு வந்தார், சுற்றினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

கடைசியில் டின்னைக் கொண்டுவந்து அண்ணாச்சி முன்னால் கவிழ்த்துக் காட்டினார். "தீந்துட்டு அண்ணாச்சி."

அண்ணாச்சி எழுந்து வந்து கதவைப் பார்த்தார், எட்டி நின்று பார்த்தார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "இப்பப் பாரு வே, எப்படிப் பிடிச்சிருக்கு! நேத்து பாத்த கறுப்பா இது? ஒழுங்கா அடிச்சா உன்னால முடியும்லா?" என்று ஞானையாவின் தோளில் தட்டினார். அப்போதும் நான் சிரித்தேன்.

ஆடித்தபசுக்குள் ஸ்டாண்டில் இருந்து வண்டிகள் வரிசையாக வந்தன. பிரபுதாஸும் வேனைக் கொண்டுவந்தார். ஷெட்டு பிழைத்தது. அவருக்கு இருமலும் அடங்கியது. ஒவ்வொரு வண்டிக்கும் கடைசியில் ஒரு காற்றுக் கோட்டு, பிறகு டின்னைக் கவிழ்ப்பது, "தீந்துட்டு அண்ணாச்சி." முதல் தடவை அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார். பிறகு ஆளைப் பார்த்தே சொன்னார். ஞானையா நம்பிக்கையான ஆள் என்று ஊரில் பேச்சானது. பின்பக்கம் சாக்குக்கு அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக டப்பாக்கள் சேர்ந்தன. அதை என்ன செய்யப் போகிறோம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரபுதாஸின் வேன் நீலம். அது போன மறுநாள் என் ஸ்டூல் துருப்பிடித்திருப்பதைப் பார்த்தேன். அந்த நீலத்தில் கொஞ்சம் அடித்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. ஞானையா கன்னைக் கழற்றி அதன் ஊசியைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பிரபுதாஸ் அண்ணன் வேன் நீலம் கொஞ்சம் மிஞ்சிருக்கா?"

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "இல்லட்டி. தீந்துட்டு," என்றார். பிறகு குனிந்து ஊசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று காலையில்தான் அவர் அந்த நீல டப்பாவைச் சாக்குக்கு அடியில் தள்ளுவதைப் பார்த்திருந்தேன். பின்னால் போய் எடுத்துவந்து முன்னால் வைத்திருக்கலாம். என்னிடமும் ஏன் இந்தப் பொய் என்று கேட்டிருக்கலாம். என்னிடம் மறைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. யார் கேட்டாலும் அந்தப் பதில்தான் வருகிறது, அவ்வளவுதான். நான் தையலில் போய் உட்கார்ந்தேன். நூல் கோக்கவே வெகுநேரம் ஆனது.

சாயங்காலம் அவர் சட்டை மாட்டிக்கொண்டு, கோயிலில் ஜெபக்கூட்டம் இருக்கிறது, போய்வருகிறேன் என்றார்.

"இன்னைக்கா? யாரு யாரு வாராங்க?" என்று கேட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.