மாடி வீட்டுப் பூட்டு

சித்தப்பா எழுதிவைத்துப் போன வீடு எலக்ட்ரீஷியன் கைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள், மாடியில் நெடுநாளாகக் குடியிருந்த தையல்காரம்மா காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தங்கை வீட்டில் படியேறாமல் போகிற மாதிரி ஓர் அறை இருக்கிறதாம்.

வீட்டுக்காரனாக இருந்து பழக்கமில்லாதவன், சாமான்கள் இறங்கியதும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். குழாயடியில் உப்புக்கறை, ஜன்னலோரம் தையல் மெஷின் அழுத்திய பள்ளங்கள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாவியை நீட்டிய தையல்காரம்மா பிடியை விடவில்லை. "தம்பி, இந்தப் பூட்டை மட்டும் மாத்திடாதப்பா."

"ஏன்க்கா?"

"இன்னொரு சாவி எம் புள்ளைகிட்ட இருக்கு."

கோபித்துக்கொண்டு போன மகன். போன வழி தெரியாது. அவனுக்குத் தெரிந்தது இந்தக் கதவு ஒன்றுதான்.

எலக்ட்ரீஷியன் யோசித்தான். சரி என்று தலையாட்டி அனுப்பிவிடலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? ஆனால் வாய் வரவில்லை.

"அக்கா, அடுத்து வர்றது ஒரு நர்ஸம்மா. சின்னப் பொண்ணை வச்சுக்கிட்டுத் தனியா இருக்கப் போறாங்க. வெளியில ஒரு சாவி இருக்குன்னு தெரிஞ்சும் நான் எப்படி விடுறது? மாத்தித்தான் ஆகணும்."

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம் நீ."

சாவியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனாள்.

அன்று கீழ் வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி, "நீங்க சொன்னது நியாயம்தான். ஆனா அந்தப் பையன் வந்து, சாவி சேரலேன்னா, அம்மாவே பூட்டை மாத்திட்டாங்கன்னு நினைச்சுக்க மாட்டானா?" என்றாள்.

அதுதான் அவனைக் குடைந்தது. வெள்ளையடித்து முடித்து, புதுப் பூட்டை மாட்டிய கையோடு, கதவருகே ஒரு சிறு பலகையை அறைந்தான். 'பழைய சாவியோடு வருகிறவரே, இது அம்மா மாற்றிய பூட்டு அல்ல. கீழ் வீட்டில் கேளுங்கள். அவர் இருக்கும் இடம் சொல்கிறோம்.'

நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் பலகையை இரண்டு தரம் படித்தாள். "இருக்கட்டும்ணே. மேலே ஒரு லைட்டைப் போட்டு விடுங்க. இருட்டுல வந்தா எப்படித் தெரியும்?"

போட்டான். தையல்காரம்மாவுக்கும் போன் செய்து சொன்னான்.

சில வாரம் கழித்து அவளே ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாடியேற முடியவில்லை. "என்ன எழுதியிருக்கேன்னு படிச்சுக் காட்டு" என்றாள், படிக்கட்டின் கீழே நின்று.

அவன் மேலே போய் உரக்கப் படித்தான்.

"வருகிறவரேவா? அந்தக் கழுதைக்கு இவ்வளவு மரியாதையா?" சிரிக்கத் தொடங்கியவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எலக்ட்ரீஷியனின் மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

அன்று கீழ் வீட்டில்தான் சாப்பிட்டாள். மகன் இன்னும் வரவில்லை.