ஈரமாக விடவேண்டிய சுவர்

"பெரிய எஞ்சினியர் வரேக்கை அணைச்சுவர் ஒழுகிக்கொண்டு நிண்டால் உமக்குத்தான் கெட்ட பேர். வெளிப்பக்கத்துக் கல்லிடுக்கெல்லாம் சீமெந்து பூசிவிடும்" என்று இராஜநாயகம் தன் மனைவியின் தம்பி சுந்தரலிங்கத்துக்குச் சொன்னது சாப்பாட்டு மேசையில்தான். புட்டுக்கு மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கமலாசனியும், "அத்தான் சொல்லுறதைக் கேளடா, வேலை நிரந்தரமாகும்" என்றாள்.

கொழும்புக்குக் குடிதண்ணீர் தரும் கருங்கல் அணை அது. அறுபது வருடங்களுக்கு முன் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. கல்லுக்குள் ஊறும் நீர் சுவரை உள்ளிருந்தே தள்ளும் என்பதை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இப்போது மேலிருந்து துளையிட்டு, சீமெந்துக் கரைசலை அழுத்தி இறக்கிப் பலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சுந்தரலிங்கம் அங்கே கூலியாட்களை மேற்பார்க்கும் தற்காலிக ஓவசியர். இராஜநாயகம் கொழும்புத் தலைமைக் கந்தோரில் கட்டுமானப் படம் வரைபவர். வெளிப்பக்கத்து ஒழுக்கை அடைக்கக்கூடாது, உள்ளே போன நீர் வெளியேற அதுவே வழி என்று படத்தில் அம்புக்குறி போட்டதும் அவர்தான். ஆனால் அணையை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. போட்ட அம்புக்குறி மறந்துபோயிற்று. ஈரச்சுவரைக் கண்டால் துரைமார் முகம் சுளிப்பார்கள் என்பது மட்டும் நினைவிருந்தது. படம் வரைந்தவரே சொன்ன பிறகு சுந்தரலிங்கம் ஏன் படத்தை விரித்துப் பார்க்கப் போகிறான்?

பூசிய பத்தாம் நாள், கரைசலை அழுத்தும்போது உள்ளே ஊறிய நீர் வெளியேற வழியில்லாமல் தள்ள, ஒரு கல் பிதுங்கிப் பாய்ந்தது. கீழே நின்ற கூலியாள் பழனிமுத்து அங்கேயே செத்துப்போனான்.

விசாரணைக்கு முதல்நாள் மாலை, வெள்ளவத்தை வீட்டில் கமலாசனி கணவரின் எதிரே வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு உள்ளதைச் சொல்லுவியளோ?"

"சொல்லுவன். என்ர வேலை போனாலும் சொல்லுவன்."

"போனால் போகட்டும். ஒரு அறையை வாடகைக்கு எடுத்தெண்டாலும் இருப்பம். தம்பிக்கு இருபத்திமூண்டு வயசு. ஆளைச் சாக்காட்டினவன் எண்ட பேரோட எப்பிடிச் சீவிப்பான்?"

விசாரணையில் சுந்தரலிங்கத்திடம், யார் பூசச் சொன்னது என்று கேட்டார்கள்.

"ஒருத்தரும் இல்லை. நானாத்தான் செய்தனான்."

இராஜநாயகம் எழுந்தார். சொல்லத்தான் எழுந்தார். எஞ்சினியர் துரை அவரைக் கண்டு, "நல்லது, படத்தைக் காட்டும். இதைப் பற்றி அதில் என்ன இருக்கிறது?" என்றார்.

அவர் படத்தை விரித்து, அம்புக்குறிகளின் மேல் விரலை வைத்தார்.

"திறந்து விடவேண்டும் என்று இருக்கிறது, சேர்."

அவ்வளவுதான் கேட்டார்கள். அவரும் அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்த பிறகும் கூட்டம் அரைமணி நேரம் நடந்தது. அவர் மறுபடி எழும்பவில்லை.

வேலை பறிபோன சுந்தரலிங்கம் அன்று பின்னேரம் வீட்டுக்குத் தன் பெட்டியை எடுக்க வந்தான். இராஜநாயகம் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார்.

"அத்தான் சொன்னவரோடா?" என்று கமலாசனி கேட்டாள்.

தம்பி பெட்டியின் கயிற்றை இறுக்கினான். "ஓம் அக்கா, எல்லாம் சொன்னவர். அவங்கள் காதில போட்டால்தானே. வேலைத்தலத்தில நிண்டது நீதான், பழியும் உனக்குத்தான் எண்டிட்டாங்கள்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தெருப்படலைவரை இராஜநாயகம் கூடப் போனார். "சுந்தரம்..." என்றார்.

"அக்காவுக்கு உங்களை விட்டால் ஆர் இருக்கினம், அத்தான்? விடுங்கோ." அவன் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டான். "பழனிமுத்துவின்ர பெஞ்சாதி ஆறாயி கேட்டவ, ஏன் பூசினனீங்கள் எண்டு. என்ர பிழைதான் எண்டு சொன்னன். என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ."

அவன் ஸ்டேஷன் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே கமலாசனி கணவரின் கோட்டைக் கழற்றி மாட்டினாள். கதிரையில் அவரை இருத்தி, தேத்தண்ணீரைக் கையில் கொடுத்தாள்.

"உங்கட வேலையையும் பாராமல் சொன்னியளே. அது போதும் எனக்கு" என்று அவர் தோளில் கையை வைத்தாள்.

அவளுடைய கை சூடாக இருந்தது. எடுத்துவிடு என்று சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.