தகடு இருந்த இடம்

“அந்தப் பெட்டியைத் திறங்கப்பா.”

சனிக்கிழமை சான் ஹுவானிலிருந்து மலையேறி வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா மூன்று தடவை சொல்லியிருந்தாள். எதை வேண்டுமானாலும் பேசு, பின்சுவரில் இருக்கிற பிரேக்கர் பெட்டியைப் பற்றி மட்டும் அப்பாவிடம் கேட்காதே என்று. திங்கட்கிழமை காலையில் கேட்டேவிட்டேன். அப்பா காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் எதிர் மலையைப் பார்த்தார்.

“நல்லாத்தானே ஓடுது. நல்லா ஓடுறதை எதுக்கு நோண்டுறே, நேனா? டாக்டருங்ககூட நல்லா இருக்கிறவனைப் படுக்கப்போட்டு அறுக்கிறதில்லை.”

அந்தப் பெட்டி நான் வைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் வருடச் சம்பளத்தில் கூரையில் ஆறு சோலார் பேனல்கள், கீழே நான்கு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் என்று நானே வயர் இழுத்து மாட்டினேன். எதையும் காவல் இல்லாமல் விடவில்லை. பேட்டரியை ஒட்டி ஃபியூஸ், கூரையிலிருந்து இறங்கும் வயருக்குத் தனி சுவிட்ச், மண்ணில் ஆறடிக்கு எர்த் கம்பி. கம்பியைச் சம்மட்டியால் அடித்து இறக்கியவர் பக்கத்து வீட்டு டோன் எலிசேயோ. அடிக்கு ஒரு வசவாக என்னைத் திட்டிக்கொண்டே இறக்கினார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பெட்டிக்குள் இரண்டு திருகில் நின்ற உள்ளங்கை அகலத் தகடு. தெரு மின்சாரத்துக்கு ஒரு பிரேக்கர், எங்கள் சோலாருக்கு ஒன்று. ஒன்றை இறக்கி அணைத்தால்தான் மற்றதை ஏற்ற அந்தத் தகடு வழிவிடும். எங்கள் மின்சாரம் ஒரு சொட்டுகூடத் தெருக் கம்பிக்குப் போகக் கூடாது. அதற்குத்தான் அது.

பூட்டு எதுவும் நான் போடவில்லை. இப்போது பெட்டியில் புத்தம்புதுப் பூட்டு தொங்கியது.

என்னைக் கேட்க வைத்தது பூட்டு அல்ல, அத்தை. அப்பாவின் தங்கை மிக்தாலியா சரிவுக்குக் கீழே தனியாக இருக்கிறாள். சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின். ஒரு துண்டு காபித் தோட்டத்துக்காக அவளும் அம்மாவும் பதினொரு வருடமாகப் பேசுவதில்லை. எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வரவும் மாட்டாள். சற்று முன் கேட்டில் நின்று என்னைக் கூப்பிட்டு, ஆசி சொல்லி, கன்னத்தைத் தடவிவிட்டுச் சொன்னாள்:

“உங்கப்பாகிட்ட சொல்லுடி. பத்து நாளா கரண்டு அனுப்பல. ஐஸ் வாங்கி மாளல எனக்கு. முன்ன மாதிரி காலையில பத்து மணிக்கு ஒரு மணி நேரம் விட்டாப் போதும், மருந்து தாங்கிக்கும்.”

“எந்த வயர்ல அத்தை அனுப்புவாரு?”

“வயரா? கம்பத்து லைன்லதான். என்னடி, எஞ்சினியருக்கு நான் சொல்லித் தரணுமா?”

சிரித்தாள். அவளுக்குத் தெரியாது. நான் நேராக அப்பாவிடம் வந்தேன்.

புயல் அடித்து இரண்டு மாதம் ஆகிறது. தெரு மின்சாரம் இன்னும் வரவில்லை. பத்து நாளைக்கு முன், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கள் சாலை முனைக் கம்பத்தில் லைன்மேன் ரதாமேஸ் மின்சாரம் தாக்கிச் செத்துப்போனான். இருபத்தாறு வயது. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. வீட்டில் எட்டு மாதக் குழந்தை.

இரண்டு மாதமாக உயிரில்லாத கம்பியில் மின்சாரம் எப்படி வந்தது? எலிசேயோவின் ஜெனரேட்டர்தான் என்று ஊர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது. தனிக்கட்டை, வாய் துடுக்கு, பரிந்து பேச ஆளில்லாதவர். போலீஸ் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போனது. பேக்கரியில் அவருக்கு ரொட்டி தருவதில்லை. கேட்டில் யாரோ சிவப்புப் பெயிண்டைக் கொட்டியிருந்தார்கள். இன்று அவர்மேல் வழக்கு எழுத அதிகாரி வந்திருந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அதிகாரியின் வெள்ளை வண்டி தெரிந்தது.

அப்பா சாவியை மேஜைமேல் வைத்தார். நான் போய்த் திறந்தேன்.

இரண்டு திருகு ஓட்டைகள். நடுவில், தகடு இருந்த இடத்தில் மட்டும், தூசி படியாத சாம்பல் நிறப் பெயிண்ட். தெரு பிரேக்கர் இறங்கித்தான் இருந்தது. ஆனால் அதை ஏற்றவிடாமல் தடுக்க அங்கே ஒன்றுமில்லை.

கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிரக்கணக்கான வோல்ட்டை இருநூற்று நாற்பதாக இறக்கி வீட்டுக்குத் தருகிறது. வீட்டிலிருந்து இருநூற்று நாற்பதை அனுப்பினால் அதே டிரான்ஸ்ஃபார்மர் அதை ஆயிரக்கணக்காக ஏற்றி மேல் கம்பிக்குக் கொடுக்கும். தகட்டைப் பற்றி அப்பாவுக்கு ஒரு மணி நேரம் விளக்கியவள் நான். இதைக் கழற்றினால் கம்பத்தில் ஆள் சாவான் என்ற ஒரு வரியைச் சொல்லவில்லை. தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

“கம்பி சும்மாத்தானே கிடந்துச்சு,” என்றார் அப்பா பின்னாலிருந்து. “நம்ம மூணு வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். எலிசேயோ மெயினை இறக்கி வெச்சிருந்தான், அவன் வீட்டுக்குப் போகாது. அவ ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தாப் போதும்னு…”

“மருந்து பாட்டில் இத்துனூண்டு. நம்ம ஃபிரிட்ஜுல வெச்சிருக்கலாமே?”

தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்: “அவ சாமான் என் ஃபிரிட்ஜுல இருக்காது.”

பதினொரு வருடமாகக் கேட்ட அதே குரல். அம்மாவுக்கும் எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. தகடுகூட அவளுடைய பித்தான் டப்பாவில்தான் இருந்தது. கேட்டதும் எடுத்து நீட்டினாள், ஏதோ உடைந்த கரண்டியைக் கொடுப்பதுபோல.

எப்போது தெரிந்தது என்று கேட்டேன். அன்றைக்கே, என்றார் அப்பா. சாலை முனையில் சத்தம் கேட்டதும் பிரேக்கரை இறக்கியிருக்கிறார். மதியத்துக்குள் புரிந்துவிட்டது. சாயங்காலம் பூட்டு வாங்கி வந்திருக்கிறார். அடக்கத்தன்று சவப்பெட்டியின் முன்முனையைத் தோளில் தாங்கியிருக்கிறார். இதற்குமேல் ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. போலீஸ் வந்து கேட்டபோது, அந்த நேரத்தில் எலிசேயோவின் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது என்று சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

“ஓடிச்சா?”

“ஓடிச்சு. அது தினமும்தான் ஓடும்.”

“அவரு மெயின் இறங்கியிருந்துச்சு, அவரு கரண்டு லைனுக்கே போயிருக்காதுன்னு சொன்னீங்களா?”

“அதை அவங்க கேக்கல.”

ரதாமேஸும் கம்பியைத் தொடுமுன் அதை எர்த் பண்ணியிருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வேலை வாங்கினால் அதெல்லாம் விட்டுப்போகத்தான் செய்யும். அது வேலை வாங்கியவர்களின் குற்றம், அதையும் சொல்வேன். அதனால் இந்தத் தகடு திரும்பத் தன் இடத்துக்கு வந்துவிடாது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இந்த மனுஷனின் முதுகு காபி மூட்டை சுமந்து வளைந்தது எதற்காக என்று கேட்டாள். “அப்பனைக் காட்டிக்கொடுக்கவா உன்னைப் படிக்க வெச்சோம்?”

“பெட்டியைத் திறந்து பார்த்தா புரியணும்னுதானே படிக்க வெச்சீங்க. புரிஞ்சிடுச்சு.”

அப்பா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். குரலில் கோபமில்லை. கணக்கு சொல்லிக்கொடுப்பவர்போல நிதானமாகச் சொன்னார்: “யோசிச்சுப் பாரு, நேனா. எலிசேயோ ஜெயிலுக்குப் போனா அழ யாருமில்ல. எனக்கு நீங்கல்லாம் இருக்கீங்க.”

அதுவரைக்கும் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதைச் சொல்லி முடித்தபோது தெரிந்துவிட்டது.

பெட்டியை இருந்தது இருந்தபடியே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டேன். தகட்டை ஜீன்ஸ் பையில் போட்டேன். எங்கள் ஊரில் வாசல் தாண்டும்போது பெற்றவர்களிடம் ஆசி கேட்காமல் யாரும் போவதில்லை. கோபத்தில்கூட கேட்டுவிட்டுத்தான் போவோம். அப்பா அதற்காகக் காத்திருந்தது தெரிந்தது. நான் கேட்கவில்லை.

அத்தை இன்னும் கேட்டில்தான் நின்றாள்.

“சொன்னியா? என்ன சொல்றான்?”

“மருந்தை எடுத்துட்டு வந்து எங்க ஃபிரிட்ஜுல வையுங்க அத்தை.”

“உங்கம்மா?”

“அம்மாவைக் கேக்காதீங்க. நேரா உள்ள போங்க.”

அவள் கேட்டைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். நான் அவளைச் சுற்றிக்கொண்டு சாலையில் ஏறி, சிவப்புப் பெயிண்ட் கேட்டை நோக்கி நடந்தேன். வெள்ளை வண்டி இன்னும் அங்கேதான் நின்றது.