பேரு வேண்டாம்க்கா

அன்னபுஷ்பம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் சுவரைத்தான் பார்ப்பாள். அதில் பேர் இல்லையென்றால், "இது வூடா, குடோனா?" என்று கேட்டுவிடுவாள். அப்படிக் கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேர் பிறகு அவளிடமே மர எழுத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மீதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவள் கணவன் அமிர்தநாதன் ஒரகடத்தில் மெஷின்களுக்கு மரப்பெட்டி அடிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மிச்சம் விழும் பைன் பலகைகளைக் கேட்டு வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு வருவான். அடுப்பெரிக்க வந்த பலகையில்தான் அவள் முதல் எழுத்தை அறுத்தாள். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, வளைவு அறுக்கும் ஜிக்சா மெஷின், பெயிண்ட் டப்பாக்கள், மகள் ஜெர்சி தொடங்கிக் கொடுத்த இன்ஸ்டாகிராம் பக்கம் என்று தொழில் வளர்ந்துவிட்டது. மாதா கோயில் பங்கில் பல வீட்டுக் கூடங்களில் அவள் அறுத்த 'இயேசுவின் இல்லம்' தொங்குகிறது.

கையில் அவ்வளவு சுத்தம். மெய்யெழுத்தின் புள்ளி தனியாக நிற்காது என்பதால் பழைய துடைப்பக் கட்டையை வில்லை வில்லையாக அறுத்துப் புள்ளி செய்து, பின்னால் ஒரு பட்டை கொடுத்து எழுத்தோடு சேர்ப்பாள். தள்ளி நின்று பார்த்தால் ஒட்டுத் தெரியாது. வாய்தான் கொஞ்சம் ஓட்டை. அவளிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்று என்பான் அமிர்தநாதன். மனதில் கள்ளம் கிடையாது. கள்ளம் இல்லாதவர்கள் ஊரில் எல்லோரையும் தங்களைப் போலவே நினைத்துத் தொலைக்கிறார்கள்.

மாடியில் இருந்த ஒற்றை அறைக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு பெண்கள் குடிவந்தார்கள். இசக்கிசெல்விக்குத் தென்காசிப் பக்கம். கார் சீட் தைக்கும் கம்பெனியில் வேலை. கூட வந்த பேச்சிக்கும் அதே ஊர்தான், கம்பெனி வேறு. கம்பெனி ஹாஸ்டலை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "சாப்பாடு ஒத்துக்கிடலக்கா" என்றாள் இசக்கி. சொல்லும்போது அவள் கண் தெருவிலேயே இருந்ததை அன்னபுஷ்பம் கவனிக்கவில்லை. இசக்கிசெல்வி, எவ்வளவு நல்ல பேர், எத்தனை வளைவு, அறுத்தால் எவ்வளவு அழகாக வரும் என்றுதான் அவள் புத்தி போனது.

அந்த வாரமே அறுத்தும் விட்டாள். எழுத்துகளை மாடிக்கு எடுத்துப்போய்க் கதவுக்கு மேலே வைத்துப் பார்த்தபோது இசக்கியின் முகம் மாறியது.

"பேரு வேண்டாம்க்கா."

"ஏன், பேரு இல்லாமயா பொறந்தே?"

"இல்லக்கா. சும்மாதான். வேண்டாம்."

"வெக்கத்தைப் பாரு இதுக்கு!" என்று அன்னபுஷ்பம் ஆணியை அடித்துவிட்டாள். வீட்டுக்காரி ஆசையாகச் செய்ததை எப்படித் தடுப்பது என்று தெரியாமல் அந்தப் பெண் ஒதுங்கி நின்றாள். அவள் வேலைக்குப் போனதும் ஜெர்சி போனை எடுத்துக்கொண்டு படியேறி ஒரு ரீல் எடுத்தாள். படிக்கட்டு, பச்சைக் கதவு, அதன்மேல் பேர், பிறகு மொட்டைமாடிக் கம்பத்தில் ஆடிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம். நட்சத்திரத்தின் ஒரு முனை கிழிந்து சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. கீழே 'ஒரகடம்' என்று இடத்தைப் போட்டார்கள். பக்கம் தொடங்கியதிலிருந்து அதிகம் பேர் பார்த்தது அந்த ரீலைத்தான்.

தவக்காலம் பிறந்த பிறகும் நட்சத்திரம் இறங்கவில்லை. "சாம்பல் புதனே போயிடுச்சி, ஸ்டாரு இன்னும் தொங்கிக்கினு கீது" என்று அமிர்தநாதன் சொன்னான். "கட்டின ஆளே எறக்கட்டும்" என்று இவள் சொன்னாள். அந்த நாட்களில்தான் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் ஆர்டர் வந்தது. முகப்பில் ஆள் படம் இல்லை. வல்லக்கோட்டை முருகன் இருந்தார்.

'வணக்கம் அக்கா. இசக்கிசெல்வின்னு மர எழுத்து வேணும். ரூம் சுவத்துல மாட்டணும். பெரிசா.'

அன்னபுஷ்பத்துக்குச் சிரிப்பு பொங்கியது. செல்வி என்றால் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். இந்த வட்டாரத்தில் இசக்கிசெல்வி ஒருத்திதான். யோசிக்கவே இல்லை, விரல் தானாக ஓடியது. 'எங்க மாடிப் பொண்ணு பேராச்சே! நீங்கதான் மாப்பிள்ளையா?'

பதில் உடனே வரவில்லை. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தபோது வந்திருந்தது. 'ஆமாக்கா. சர்ப்ரைஸ். அவகிட்ட சொல்லிடாதீங்க.'

வாழ்நாளில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது என்று அன்னபுஷ்பம் தீர்மானித்தது அப்போதுதான். அதைக் காப்பாற்றவும் செய்தாள். அவனோ தினமும் ஏதாவது கேட்டான். அவளுக்குப் பிடித்த கலர் என்ன? பச்சை, எப்பப் பார்த்தாலும் அந்தப் பச்சைத் துப்பட்டாதான் என்று இவள் எழுதினாள். இந்த வாரம் என்ன ஷிஃப்ட்? அதையும் எழுதினாள். கூட யாராவது வருவார்களா? 'பேச்சிக்கு வேற ஷிஃப்ட், பாவம் ஒண்டியாத்தான் வருது பஸ் ஸ்டாப்லேர்ந்து' என்று எழுதினாள். இவ்வளவு அக்கறையான மாப்பிள்ளை இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும் என்று அமிர்தநாதனிடம் சொல்லி மாய்ந்துபோனாள்.

அளவுக்காகச் சுவரின் போட்டோ கேட்டாள். எப்போதும் அப்படித்தான், ஸ்விட்ச் போர்டு தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்வாள், அதை வைத்து எழுத்தின் உயரத்தைக் கணக்குப் போடுவாள். ரோஸ் கலர் சுவர் ஒன்று வந்தது. ஓரத்தில் இருந்த ஜன்னலை வெட்டிவிட்டு, சுவரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து வேலையைத் தொடங்கினாள்.

இரண்டு நாள் கழித்து இசக்கி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அன்னபுஷ்பம் அவசரமாக எழுத்துகளின் மேல் சாக்கைப் போட்டு மூடினாள்.

"அக்கா, கொடியில காயப்போட்ட துப்பட்டாவக் காணல. பாத்தியளா?"

"காத்துல பறந்துருக்கும்."

"என்னய யாராச்சும் தேடி வந்தாவளாக்கா? பஸ் ஸ்டாப்புலருந்து யாரோ பின்னாலயே வார மாதிரி இருக்கு. திரும்பிப் பாத்தா ஆளைக் காணல."

அன்னபுஷ்பம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வந்துட்டார் போல, பார்க்காமல் இருக்க முடியவில்லை போல என்று நினைத்தாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள். அந்தப் பெண் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, தெருவை எட்டிப் பார்த்து, பிறகு மாடியேறினாள். மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில் எதற்குத் தாழ்ப்பாள் என்று அன்னபுஷ்பம் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, பச்சையும் அடித்து எழுத்துகளைக் கூடத்துக் கட்டிலில் பரப்பியபோது அவன் இன்னொரு போட்டோ அனுப்பினான். 'ஆணி அடிச்சிட்டேன்க்கா. இடைவெளி சரியா பாருங்க.'

அதே ரோஸ் சுவர். வரிசையாக ஆணிகள். முதல் ஆணியில் ஒரு பச்சைத் துப்பட்டா மடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. இந்த முறை போட்டோவை வெட்டாமல் முழுதாகப் பார்த்தாள். ஓரத்து ஜன்னலில் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடிப்படி, ஒரு பச்சைக் கதவு. மேலே கம்பத்தில் ஒரு நட்சத்திரம் தொங்கியது. விரலால் பெரிதாக்கினாள். கிழிந்த முனையில் சிவப்பு டேப் இருந்தது.

அன்னபுஷ்பம் மொட்டைமாடிக்கு ஓடினாள். எதிர்வீட்டு மாடி வெகுநாளாகக் காலியாகக் கிடந்தது. வீட்டுக்காரர் ஆவடியில் இருந்தார். இப்போது அதன் ஜன்னலில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. யாரும் தெரியவில்லை, ஆனால் யாரோ இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கம்பத்திலிருந்து நட்சத்திரத்தைப் பிய்த்து எடுத்து, சுருட்டிக்கொண்டு கீழே வந்தாள்.

கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு முன்பே ஸ்டாப்பில் போய் நின்று, இசக்கியைப் பின்தெரு வழியாகக் கூட்டிவந்தாள். கொட்டகைக்குள் உட்காரவைத்து, திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்கு மாப்பிள்ளையே பாக்கலியேக்கா" என்றாள் இசக்கி. போட்டோவில் துப்பட்டாவைக் கண்டதும் அவள் குரல் சுத்தமாக இறங்கிவிட்டது. "சக்திகுமாரு. எங்க லைன்ல சூப்பர்வைசரா இருந்தான். வேண்டாம்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். கடைசியில கம்ப்ளைண்ட் குடுத்தேன், வேலைய விட்டு எடுத்துட்டாவ. அதுலருந்து ஹாஸ்டல் வாசல்லயே வந்து நின்னான். எங்க போனாலும் உன் பேர வச்சே கண்டுபிடிச்சிருவேன், இந்த ஊருல இந்தப் பேருக்கு நீ ஒருத்திதான்னு சொன்னான். அதுக்குத்தான பேரு வேண்டாம்னேன்."

பிறகு கையை நீட்டினாள். "நீங்க என்னல்லாம் சொன்னியன்னு காட்டுங்க."

அன்னபுஷ்பம் போனைக் கொடுத்தாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் படித்தாள். கலர், ஷிஃப்ட், ஸ்டாப்பிலிருந்து தனியாக வரும் வழி. படித்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தபோது திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் அன்னபுஷ்பம் தாங்கியிருப்பாள்.

பேச்சி வந்ததும் இருவரும் துணிகளை எடுத்துவைத்தார்கள். "போலீசுக்குப் போவோம்மா" என்று அமிர்தநாதன் சொன்னான். "நீங்க போங்கண்ணே. நான் இங்க இருந்துக்கிட்டுப் போவ முடியாது" என்றாள் இசக்கி. அவனையும் பின்தெரு வழியாக மெயின் ரோடு வரைக்கும்தான் வரச் சொன்னாள்.

கிளம்பும்போது அன்னபுஷ்பம் அவள் கையைப் பிடித்தாள். "எங்க போறே கண்ணு? போய்ச் சேந்ததும் ஒரு போனு பண்ணுவியா?"

"இல்லக்கா. எங்க போறேன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். கோவிச்சுக்கிடாதிய."

சொல்லிவிட்டுக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். பெற்ற மகளுக்குச் சமமாக வைத்திருந்தோமே என்று அன்னபுஷ்பத்துக்கு நெஞ்சு வெந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. கதவுக்கு மேலே இருந்த பேரைப் பிடுங்கி, அன்றே அடுப்பில் போட்டாள். ஜெர்சி அந்த ரீலை அழித்தாள்.

மறுநாள் காலை அமிர்தநாதன் ஸ்டேஷனுக்குப் போனான். ஜெர்சி காலேஜுக்குப் போனாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஈரத் தலையை வாரி, விபூதி பூசி, கையில் வல்லக்கோட்டைப் பிரசாதப் பொட்டலத்தோடு ஒருவன் நின்றான். முந்தாநாள் வரைக்கும் என்றால் தங்கமான பையன் என்று அவளே சொல்லியிருப்பாள்.

"அக்கா, எழுத்து வாங்க வந்தேன்."

"இன்னும் காயல."

அவள் தோளுக்கு மேலே கட்டிலைப் பார்த்தான். "காஞ்சிடுச்சேக்கா" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். 'இ'யை எடுத்து அதன் வளைவில் விரலை ஓட்டினான். "உங்களுக்குக் கை சுத்தம்க்கா."

"நீ மாப்பிள்ளை இல்லியே."

"நானாச் சொல்லலியேக்கா. நீங்கதான சொன்னீங்க."

அவன் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துப் பைக்குள் அடுக்கினான்.

"அந்தப் பொண்ணு இங்க இல்ல. போயிடுச்சி."

"தெரியும். நேத்து மேல லைட்டே எரியல. எங்கக்கா போயிருக்கா?"

"தெரியாது."

"உங்களுக்கா தெரியாது?"

"மாதா சத்தியமா தெரியாதுடா. இன்னான்னு கேட்டேன், எங்கன்னு கேட்டேன். என்கிட்ட சொல்ல மாட்டேன்னுட்டா!" கடைசி வார்த்தையில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் அந்த அழுகையை நிதானமாகப் பார்த்தான். அது பொய்யழுகை இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. முதல் தடவையாக அவன் சிரிப்பு சுருங்கியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"சரி. பேரு இருக்குல்ல, அது போதும். சுவரு எங்க வேணா கிடைக்கும்."

வாசலில் செருப்பை மாட்டும்போது அண்ணாந்து மொட்டைமாடியைப் பார்த்தான். "ஸ்டாரை ஏன்க்கா கழட்டிட்டீங்க? ரீல்ஸ்ல அந்தச் சிவப்பு டேப்பப் பாத்துட்டுத்தான் தெருத் தெருவாச் சுத்தி உங்க வீட்டக் கண்டுபிடிச்சேன்."

அன்னபுஷ்பம் கதவைச் சாத்தித் தாழிட்டாள். அப்படியே கதவில் சாய்ந்து நின்றாள். எந்தப் பஸ், எந்த ஊர், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்போமா என்று தன்னையே கேட்டாள். மாட்டேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வரவில்லை.

அமிர்தநாதன் இன்னும் திரும்பவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து, சுவரில் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் சத்தம் கேட்டது.