தோல் பராமரிப்புக் குறிப்பு எழுதப் போய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. தோல் பை, செருப்பு, பெல்ட் இவற்றையெல்லாம் எப்படிப் பேணுவது என்று ஒரு பத்திரிகை அரைப் பக்கம் கேட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் செருப்பு அறுந்தால் புதிது வாங்குவதுதான். அதனால் தோல் சாமான் பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தேடிப் போனேன். கிளம்பும்போது அக்கா ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். அத்தானின் செயற்கைக் காலைத் தொடையோடு சேர்த்துக் கட்டும் தோல் பட்டை. அது அறுந்துதான் அவர் மாடிப்படியில் உருண்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது குறிப்பு போய்க் கதை வந்திருந்தது. முதல் வரி இப்படி:

மழையில் நனைந்திருந்த படியில் அவர் கால் வைத்தபோது

[படி நனையவே இல்லடி. காலையிலதான் துடைச்சேன். பொய் எழுதாதே.]

2

சதுர அடைப்புக்குறிக்குள் பேசுவது அக்கா. என் கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஒவ்வொரு பகுதியாக எழுதிக் கொடுப்பேன். தட்டச்சு செய்து, கேட்காத கருத்தையும் சேர்த்துத் தருவாள். பத்திரிகைக்கு அனுப்புமுன் அவற்றை அழித்துவிடுவது வழக்கம். இந்த முறை அழிக்கப்போவதில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்பது எனக்கு வேண்டும்.

வேறு தொடக்கம்:

மட்டமான தோலைத் தலையில் கட்டிவிட்ட கடைக்காரர்

இதுவும் வேண்டாம். அந்த ஆள் எனக்கு என்ன பாவம் செய்தார்?

[அது நல்ல பட்டைதான். வாராவாரம் எண்ணெய் போட்டு நான் வச்சுக்கிட்டது. எப்படி அறுந்துச்சுன்னு அந்தப் பழுதுபார்க்கறவர் சொன்னாரா இல்லையா? ரெண்டு நாளா மழுப்பறே.]

3

சொன்னார். (இந்தப் பகுதியையும் அடுத்ததையும் சேர்த்தேதான் அக்காவிடம் கொடுக்கப்போகிறேன்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தான் கட்டிலில் உட்கார்ந்து காலைக் கழற்றிக் கொடுப்பார். அக்கா கீழே உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, பட்டை பளபளக்கும்வரை எண்ணெய் தேய்ப்பாள். அந்த நேரத்தில் போனால் நான் வாசலிலேயே செருமிவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

பழுதுபார்ப்பவர் பட்டையை ஈரத்துணி மாதிரி முறுக்கினார். விரலெல்லாம் எண்ணெய்.

"யாரு இதுக்கு இவ்வளவு எண்ணெய் ஊத்துனது?"

"எங்க அக்கா. ரொம்ப அக்கறையாப் பாத்துக்குவா."

"அந்த அக்கறைதான் கெடுத்திருக்கு. எப்பவாவது வறண்டாப்ல தெரிஞ்சா, துணியில தொட்டு ஒரு தடவை துடைச்சாப் போதும். நனைஞ்சா நிழல்ல காயப் போடணும். சும்மா சும்மா ஊத்தினா ஊறிப்போய் இழுபடும், கட்டு நிக்காது. தளரத் தளர யாரோ புதுசா மூணு ஓட்டை போட்டிருக்காங்க பாருங்க. ஆணியைச் சூடு பண்ணிக் குத்தினது. கடைசி ஓட்டையிலதான் பிஞ்சிருக்கு."

பத்திரிகைக்கு வேண்டிய அரைப் பக்கமும் அவர் பேச்சிலேயே இருந்தது, எழுதிக்கொள்ளத்தான் கை ஓடவில்லை. ஆணியைச் சுட்டு ஓட்டை போட அந்த வீட்டில் அக்காவை விட்டால் இன்னொருவர்தான் இருக்கிறார்.

4

நேராக அத்தானிடம் போனேன்.

"பட்டை இழுபடறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எண்ணெய் போடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்."

அவர் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் போனதுக்கப்புறம் உங்க அக்கா இந்தக் கால் பக்கம் திரும்பினதே இல்லம்மா. நான் துணி மாத்தினாக்கூட வெளியே போயிடுவா. எண்ணெய் போடறப்ப மட்டும்தான் பார்க்கிறா. அதையும் நிறுத்தச் சொல்றதா? அவகிட்ட நீ சொல்லிடாதே."

மனிதர் அதற்காக விழவும் தயாராக இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. புதுப் பட்டை வந்தாயிற்று. அக்கா புது எண்ணெய்ப் புட்டியும் வாங்கி வைத்துவிட்டாள். அடுத்த தடவை மணிக்கட்டோடு போகும் என்று யார் சொன்னது?

முடிவுகள் சில வைத்திருந்தேன். ஒன்றில், பழுதுபார்ப்பவர் தோலுக்குப் பதில் நைலான் பட்டை தைத்துத் தருகிறார். (சாமர்த்தியமான முடிவுதான். நைலானுக்கு எண்ணெய் வேண்டாம், அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.) இன்னொன்றில், தங்கைக்காரி அக்காவைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராக

முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதினேன். அக்கா, இதுவரை தட்டிவிட்டாயா? என்னைத் திட்டுவதானாலும் திட்டு. ஒரு எழுத்தையும் அழிக்க மாட்டேன்.

[மூணு ஓட்டையா? நான் ஒண்ணுகூடப் பார்க்கலையே. எப்படிப் பார்த்திருப்பேன்? எண்ணெய் போடறப்ப தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்குவேன்டி. மேல உட்கார்ந்திருக்கறவருக்கு என் உச்சந்தலைதான் தெரியும். எண்ணெயை நிறுத்திடறேன், அதுல ஒண்ணுமில்ல. ஆனா நான் பார்க்கறேன்னு அவர் இத்தனை நாளா நினைச்சிட்டிருக்காரே, அதை என்ன பண்றது? எனக்குத் தெரியல. உனக்கும் தெரியாது. இதைப் படிக்கிறவங்க யாராவது சொல்லுங்க.]