தொட்டிகள் இருந்த இடத்தில்

அந்த அறிக்கையில் காலியாக இருந்தது அவள் கையெழுத்துக்கான இடம் மட்டும்தான். மற்றதையெல்லாம் டைரக்டரே எழுதி முடித்துவிட்டார். சிப் வேகமாகத் தரவு அனுப்பும்போது பிழை வருகிறது, காரணம் மின்வழி வடிவமைப்பில் கவனக்குறைவு, பொறுப்பு இன்னார் என்று கீழே அவள் பெயர். மதியம் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், அதற்குள் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, கூரியர் வந்ததற்குக் கையெழுத்துக் கேட்பதுபோல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆபீஸில் அவளுக்குத் தொட்டிக்காரி என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒருமுறை வேலையை விளக்கப்போய் ஒட்டிக்கொண்டது. அடுக்குமாடியில் காலையில் எல்லா வீட்டுக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் நூலாக இறங்குமில்லையா, சிப்பிலும் அதே கதைதான் என்றாள். தரவு போகும் கம்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றுக்குத் தாவினால் மின்சாரம் சட்டென்று தாழ்ந்து ஆடும். அந்த ஆட்டத்தைத்தான் இரைச்சல் என்கிறார்கள். அது கூடிப்போனால் மறுமுனையில் எது ஒன்று, எது பூஜ்ஜியம் என்று பிரிக்க முடியாது. அதற்காகக் கம்பிகளை ஒட்டியே, சிப்பின் மேல்தளத்தில், மின்சாரத்தைச் சேர்த்து வைத்து அவசரத்துக்குக் கொடுக்கிற கெப்பாசிட்டர்களை வரிசையாக வைக்க வேண்டும். அவைதான் அவளுடைய தொட்டிகள். இந்த வேலையில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யார் கைதட்டப்போகிறார்கள்?

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், கையெழுத்துதானே, சொத்தையா எழுதிக் கொடுக்கிறாய், போட்டுவிட்டு நிம்மதியாக வா என்றார். நல்ல மனிதர்தான், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அந்தத் 'தானே' பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்குக் கசந்தது. இந்தத் தொழில் உலகம் உள்ளங்கை அளவு. மின்வழியில் கோட்டை விட்டவள் என்று ஒருமுறை எழுதிவிட்டால், நாளைக்கு எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றாலும் அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

தன் இரைச்சல் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டாள். தப்பில்லை. அப்படியானால் சிப்பைத்தான் பார்க்க வேண்டும். சோதனைக்கூடத்தில் மூடி திறந்த ஒரு சிப்பை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். சிப்பைச் செய்யும் தொழிற்சாலையில் ஏதாவது கோளாறு நடந்திருக்கலாம் என்றுதான் நினைத்தாள். கம்பிகளின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனவள் தன் தொட்டிகள் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் நின்றாள். அங்கே எழுத்துகள் இருந்தன.

பெயர்கள். உலோகத்தில், பளபளவென்று. தலைப்பில் பெரிதாக டைரக்டர் பெயர். அதன் கீழே துணை டைரக்டர், விற்பனைப் பிரிவுத் தலைவர், அவருக்குப் பின்னால் இன்னும் பலர். பயிற்சி என்று வந்து காப்பி குடித்துவிட்டுப் போன டைரக்டரின் மருமகன்கூட இருந்தார். சிப்பில் பெயர் பொறிப்பது இந்தத் தொழிலில் ஒரு ஆசைதான், சும்மா கிடக்கிற மூலையில் சின்னதாகப் போட்டுக்கொள்வார்கள். இவர்கள் மூலையைத் தேடவில்லை.

அவள் முதலில் செய்த காரியம், தன் பெயர் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே தேடியது. இல்லை. தேடினோமே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

சிப்பின் படத்தை வரைகிற பையனை ஆபீஸில் ஸ்கேல் என்பார்கள், கோணல் கோட்டைக் கண்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்ததும் முகம் செத்துவிட்டது. படத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கடைசி நாள் டைரக்டர் சார் வந்து பக்கத்தில் நின்றாராம். இது வெறும் நிரப்பல்தானே, ஒரு ஓரத்தை எடுத்தால் குடியா முழுகிவிடும் என்றாராம். எடுத்த பிறகு இரைச்சல் கணக்கை யாரும் திரும்பப் போடவில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே தம்பி."

"உங்க மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன், நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்கக்கா. பாவம், தொந்தரவு பண்ணாதேன்னார்."

அந்தப் 'பாவம்'தான் அவளைச் சுட்டது. தொட்டிகளைத் தூக்கிப் போட்ட கையோடு கரிசனமும் காட்டியிருக்கிறார் மனிதர். பட்டியலின் அடியில், கண்ணை இடுக்கினால்தான் தெரிகிற அளவில், ஸ்கேலின் பெயரும் இருந்தது. அந்தப் படத்தைத் தன் அம்மாவிடம் காட்டியதாக ஒப்புக்கொண்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"உங்க பேரையும் போடணும்னுதான் பார்த்தேன்க்கா. இன்னொரு வரிசையை எடுத்தாத்தான் இடம் வரும். உங்க தொட்டியை எடுத்து உங்க பேரை எழுத மனசு வரலை."

சிப் மெதுவாக ஓடும்போதாவது பிழையில்லாமல் ஓடுவது அந்த ஒரு வரிசையின் புண்ணியம். அவளுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, தட்டிக்கொடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மைக்ராஸ்கோப்பில் தெரிந்த படத்தை அச்சடித்தாள்.

மதியம் கூட்ட அறையில் வாடிக்கையாளர்களுக்காகத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பட்டியலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே இருந்தார்கள். அவள் படத்தை அறிக்கையின் மேல் வைத்து டைரக்டர் முன்னால் நகர்த்தினாள். பெயர்களுக்கு அடியில் எத்தனை தொட்டிகள் போயின, அதனால் மின்சாரம் எவ்வளவு தாழ்கிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். டைரக்டர் பார்த்தார். முகத்தில் ஒரு நிழல் போனது, உடனே சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இதுதானா விஷயம்? முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. அடுத்த சிப்புல உங்க பேரைத்தான் முதல்ல போடறோம்."

அவருக்கு இது பெயர்ச் சண்டையாகத்தான் தெரிந்தது. அவள் எழுதிய எண்கள் எதுவும் அந்த மண்டைக்குள் போகவில்லை. இந்த மனிதருக்காகவா இத்தனை வருடம் தொட்டி தொட்டியாக வைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். பேனாவை எடுத்தாள்.

"என் பேரைப் போட்டா மிச்சமிருக்கிற வரிசையும் போயிடும் சார்." அறிக்கையில் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். "சிப்புல யார் யார் பேர் இருக்கோ, அவங்க இதுல கையெழுத்துப் போடட்டும். என் பேர் அதுல இல்லை."

விற்பனைத் தலைவர் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து ஸ்கேல் எழுந்து வந்தான். நின்றபடியே போட்டதில் கையெழுத்து கோணலாக விழுந்தது, அவன் அதைத் திருத்தவில்லை. பேனாவை மூடாமல் டைரக்டர் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. டைரக்டர் எடுக்கவில்லை. அவள் எடுத்தாள். வாடிக்கையாளர்கள் வந்து கீழே காத்திருக்கிறார்களாம்.

"மேல அனுப்புங்க" என்றாள்.